உங்கள் முதுகுக்கு அளக்காத பை

ஆறு வருசமாக எனக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்த என் தவம் மச்சாளுக்கு,

நேற்று மன்னார் ரவுணுக்குப் பை வாங்கப் போனேன். பழைய பையின் சிப் போய்விட்டது. உப்புக்காற்றும் மணலும் அதன் பல்லைத் தின்றுவிட்டன. பாதிவரை இழுபடுகிறது, பிறகு அடம்பிடித்து நின்றுவிடுகிறது. அடுத்த கிழமை முசலியில் ஒரு கலியாணம். இரண்டு கமராவையும் நான்கு லென்ஸையும் பிளாஷ்களையும் திறந்த பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக முடியுமா, சொல்லுங்கள்?

கடைக்காரர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? என்ன கமரா என்றோ எத்தனை லென்ஸ் என்றோ அவர் கேட்கவில்லை. "ஆர் காவுறது?" என்றார். சுமப்பது நான்தான் என்றேன். உடனே உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அக்கா தையல் நாடாவோடு வந்து என்னைத் திரும்பி நிற்கச் சொன்னா. கழுத்துக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தா.

"பாரம் தோளில இருக்கப்படாது தங்கச்சி, இடுப்பில இறங்கோணும். முதுகு நீளம் தெரியாமல் வாங்கினால் பட்டி போற இடத்துக்குப் போகாது" என்றார் கடைக்காரர்.

நாடா முதுகில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா பயந்துபோய், "எங்கையும் நொந்து போச்சோ?" என்று கேட்டா. இல்லை என்று தலையாட்டினேன்.

ஆறு வருசத்தில் மூன்று பை வாங்கினேன், மச்சாள். மூன்றையும் கடையில் என் முதுகில்தான் போட்டுப் பார்த்தேன். லென்ஸ் எல்லாம் உள்ளே அடங்குகிறதா, கமராவை எடுக்கச் சுகமா, மழைக்கு உறை இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். வாங்கி வந்து உங்கள் முதுகில் ஏற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாரும் பனை மாதிரி. நீங்களோ என் தோளுக்குத்தான் வருவீர்கள். இடுப்பில் கட்ட வேண்டிய பட்டி உங்களுக்குத் தொடையில் நின்றது. கட்டவில்லையே என்று அதற்கும் உங்களையே ஏசினேன். யாராவது கேட்டால், "சீலை கசங்கும், அதுதான் கட்டுறேல்ல" என்று சிரித்துச் சமாளிப்பீர்கள். இப்போதுதான் விளங்குகிறது, அது என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். கண் கெட்ட பிறகு நான் சூரிய நமஸ்காரம் செய்துகொண்டிருக்கிறேன்.

இதை வாசிப்பவர்களுக்கு நீங்கள் யார் என்று சொல்ல வேண்டும் அல்லவா? நீங்கள் என் அண்ணாவின் மனைவி. முருங்கனில் நெல்லும் வயலுமாக இருக்கிற குடும்பத்துக்குள் வாழ வந்தவர். கமராவின் எந்தப் பக்கத்தால் பார்ப்பது என்றுகூட உங்களுக்கு அப்போது தெரியாது. எனக்கோ கலியாண வீடுகளில் படம் பிடிப்பதுதான் பிழைப்பு. மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் பக்கத்துக்குள் ஆண்கள் கமராவோடு போக முடியாது. அதனால்தான் எனக்கு அங்கே மவுசு. ஆனால் என்னோடு பை தூக்க வரும் ஆண்பிள்ளையும் வாசலோடு நின்றுவிட வேண்டும். முதலாவது அழைப்பு வந்தபோது, உள்ளே பாரம் காவ ஆளில்லையே என்று குசினிக்குள் நின்று புலம்பினேன். நீங்கள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "பை தானே, நான் வாறன்" என்றீர்கள்.

அன்றைக்கு ஏற்றிய பாரத்தை நீங்கள் இறக்கவே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. உடம்பில் எங்கே நொந்தாலும் பழி பையின் மேல்தான். கழுத்துப் பிடித்தால் பட்டி, கை விறைத்தால் பட்டி, முதுகு உளைந்தால் பாரத்தை அடுக்கிய விதம் பிழை. இரண்டு படப்பிடிப்பாளர்கள் சந்தித்தால் வருத்தக்காரர்கள் மாதிரி நோவைப் பற்றிக் கதைப்போம். கதை முடியும்போது புதுப் பை ஒன்றின் பெயரோடு பிரிவோம். வைத்தியரிடம் போனதாக ஒருவரும் சொன்னதில்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

மாசி மாதத்து முசலிக் கலியாணத்தின் கதைக்கு வருகிறேன். எட்டு மாதமாக இந்த இடத்தைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பெண்கள் பகுதி மேல்மாடியில் இருந்தது. நான் கமராவோடு முன்னால் ஓடினேன். பாதிப் படியில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "தோள் அறுக்குது பிள்ளை, கையும் விறைக்குது" என்றீர்கள். "பட்டி மச்சாள். அடுத்த முறை நல்லதா ஒண்டு பாப்பம்" என்று திரும்பிப் பாராமலே சொன்னேன். திரும்பிப் பார்த்திருந்தால் உங்கள் முகத்தையாவது கண்டிருப்பேன்.

மணப்பெண்ணின் பெரியம்மாதான் கண்டா. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உங்களை இருத்தி, தண்ணீர் கொடுத்து, என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "தங்கச்சி, இவங்கட முகம் வெளுத்துப் போய் இருக்கு. வேர்வையப் பாருங்க. கொஞ்சம் கவனிங்க." எனக்குச் சினம் வந்தது. பெண்ணை அப்போதுதான் யன்னலோரம் நிறுத்தியிருந்தேன், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. லென்ஸை மாற்ற உங்களிடம் ஓடி வந்தபோது நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்.

"நெஞ்சுக்குள்ள இறுக்கிப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு, சுதா."

"நெஞ்சுப் பட்டியக் கழட்டி விடுங்கோவன்."

"பையே இறக்கி வைச்சிட்டன். அப்பிடியேதான் கிடக்கு."

இதை நான் கேட்டேன், மச்சாள். காதில் விழவில்லை என்று எனக்கே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். விழுந்தது. பை உங்கள் காலடியில் கிடந்ததையும் கண்டேன். லென்ஸை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் நீங்கள் சாய்ந்திருந்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் குற்றமாக இருந்தது. ஆனால் அதற்கும் என்னிடம் பைதான் மருந்து. போனைத் திறந்து ஒவ்வொரு பையாகக் காட்டினேன். இதில் இடுப்புப் பட்டி தடிப்பு, இதில் முதுகுக்குக் காற்றோட்டம், இது சின்ன உடம்புக்காரருக்கு என்று விளக்கம் வேறு. நீங்கள் கண்ணைப் பாதி திறந்து, "நீலம் வடிவா இருக்கு" என்றீர்கள். அந்த இடத்திலேயே போனில் காசு கட்டி அதை எடுப்பித்தேன். எவ்வளவு நல்ல மச்சாள் நான் என்று ஒரு திருப்தியும் வந்தது. முருங்கன் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் ஓட்டோ போனது.

அடுத்த நாள் காலை கோழிகளைத் திறந்துவிடப் போன இடத்தில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது எல்லாம் முடிந்திருந்தது. டொக்டர் அண்ணாவிடம் மிகப் பக்குவமாகத்தான் கேட்டார்: "முதல் நாள் நெஞ்சு நோ, கை விறைப்பு எண்டு ஏதும் சொன்னவவோ?" அண்ணா, "ஒண்டுமே சொல்லேல்ல டொக்டர்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்று திறக்காத வாய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் திறக்கவில்லை. அந்தியேட்டிக்கு மறுநாள் அந்த நீலப் பை வந்து சேர்ந்தது. அண்ணாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். என்னவென்று கேட்டார். கமராச் சாமான் என்றேன். முதல் தடவையாக உங்கள் அளவில் வாங்கிய பையை, பொதியைக்கூடப் பிரிக்காமல் என் அலுமாரிக்குள் தள்ளினேன்.

இதற்கிடையில் அண்ணா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பழி முழுவதையும் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். அது நெல் வெட்டுகிற நேரம் அல்லவா? "வெயிலுக்குள்ள சாப்பாடு கொண்டு வரச் சொன்னனான். நெல்லுக் காயப்போட விட்டனான். நான்தான் அவவக் கொண்டது" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பெரியமடுவிலிருந்து வந்த உங்கள் சொந்தக்காரர்களும் அதைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பிறகு அவர்கள் வருவது குறைந்துவிட்டது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். நான் செய்த பிழையையும் சேர்த்து என் அண்ணா சுமக்கிறார் என்று தெரிந்தும் பேசாமல் நின்றேன். பாரத்தை அடுத்தவர் முதுகில் ஏற்றுவது எனக்குப் பழகிப்போன வேலை.

நேற்று அந்தக் கடை அக்காவின் நாடாதான் என்னை உலுக்கிவிட்டது. சின்னப் பையாக ஒன்று வாங்கினேன், என் முதுகின் நீளத்துக்கு. பாதிச் சாமான்தான் பிடிக்கும், போதும். இப்போது என்னோடு வருகிற தீவுப் பெண் ரிஸ்மியா தன் கமராவைத் தானே கொண்டு வருகிறாள். வாங்கிய கையோடு நேரே வீட்டுக்குப் போனேன். பின்னேர வெயில். அண்ணா முற்றத்தில் வயலுக்கு மருந்தடிக்கும் மெசினைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"புதுசோ?" என்றார் பையைப் பார்த்து.

"அண்ணா, மச்சாள் எனக்குச் சொன்னவ" என்றேன்.

பிறகு நிறுத்தவில்லை. படியில் நின்றது, விறைத்த கை, அந்தப் பெரியம்மா போட்ட கதிரை, நெஞ்சுக்குள் இறுக்கம், டொக்டருக்கு முன்னால் நான் ஊமையாக நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். கன்னத்தில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அண்ணா மெசினைக் கீழே வைத்தார்.

"உனக்குச் சொன்னவ, என்ன?"

"ஓம் அண்ணா."

"எனக்குச் சொல்லேல்ல. அண்டைக்கு இரவும் பக்கத்திலதான் படுத்திருந்தனான். எனக்குச் சொல்லேல்ல."

நான் ஏச்சுக்கும் அடிக்கும்தான் ஆயத்தமாகப் போயிருந்தேன். நீங்கள் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று அந்த முற்றத்தில் நின்றுதான் யோசித்தேன். அது பைப் பட்டியின் நோ என்று உங்களுக்கு நான் அடித்துச் சொல்லியிருந்தேன். பைப் பட்டி அறுக்கிறது என்று வயலில் முறிந்துவிட்டு வந்த மனுசனிடம் யார் போய்ச் சொல்வார்கள்? சொன்னால் அடுத்த கலியாணத்துக்கு விடமாட்டார், நான் ஆளில்லாமல் தவிப்பேன் என்றும் நினைத்திருப்பீர்கள்.

அதை அப்படியே அண்ணாவிடம் சொன்னேன். "அது பட்டி நோ எண்டு நான்தான் அவவுக்குச் சொன்னனான். அதாலதான் உங்களுக்குச் சொல்லேல்ல. உங்களில குறை இல்லை அண்ணா."

அவர் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு பேருக்கும் அவரே சோறு போட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன். உங்களிடமும் கேட்கப் போவதில்லை, மச்சாள். கேட்டால் நீங்கள் உடனே மன்னிப்பைத் தந்துவிடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

உங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரியமடுவுக்குப் போகிறேன். அண்ணாவுக்குச் சொன்னதை அங்கேயும் என் வாயாலேயே சொல்வேன். புதன்கிழமை காலை உடம்பைச் சோதித்துப் பார்க்க அண்ணாவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். விதைப்பு முடியட்டும் என்கிறார், தனக்கு ஒன்றுமில்லை என்கிறார். விடமாட்டேன். போகிற வழியில் அவர் எங்கே நோகிறது என்று சொன்னாலும் அது இன்ன நோ என்று நான் பெயர் வைக்கமாட்டேன். கையில் எதுவும் இல்லாமல் பக்கத்தில் இருந்து, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்பேன்.

உங்கள் புருசனின் தங்கச்சி,
நீங்கள் சொன்னதைக் கேட்டும் கேளாமல் போன மச்சாள்,
சுதா