ஒன்பதாவது மாடிக் கைப்பிடிச் சுவர்

புவேர்ட்டோ பெனாஸ்கோ
ஆகஸ்ட் 27, ஞாயிறு

அன்புள்ள எவரிஸ்தோ,

இடது பாதத்தில் ஏழு தையல் போட்டிருப்பதைத் தவிர நான் மிக நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? இளைத்துவிட்டாய் என்று உன் தங்கை புருஷன் ஃபெர்மின் சொன்னார். சான் ஃபெலிப்பேயிலும் வெயில் இங்கே போலத்தான் கொளுத்தும், தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. நீ ஃபோனை எடுப்பதில்லை என்பதால் ஃபெர்மினின் லாரியில் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பாவம், அவரை வெயிலில் நிற்க வைக்காதே.

நான் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? நான் துடைக்கும் 904-ஆம் எண் வீட்டின் பால்கனியில்! துடைப்பமும் வாளியும் இல்லாமல், நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ஐஸ் போட்ட காப்பியோடு. எதிரே கடல் மட்டும்தான். ஒன்பது வருஷமாக இந்த வீட்டைத் துடைக்கிறேன். கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, கண்ணாடிக்கு அப்பால் இருப்பதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நேற்று அந்தப் பளிங்குத் தொட்டியில் வெந்நீர் நிரப்பிப் படுத்தேன். இரண்டு நிமிஷம்தான். மனசு கேட்காமல் எழுந்து தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் மயோலா விழுந்து விழுந்து சிரித்தாள். "மகாராணி ஆனாலும் உன் கைய விட்டு பிரஷ் போகாதுடீ" என்றாள்.

சரி, நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன், சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். 904-இன் படுக்கை விரிப்பை உதறலாம் என்று பால்கனிக்கு வந்தேன். தரையில் வெறுங்கால் வைக்க முடியாத வெயில். பக்கத்து 903 பக்கமிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். கடற்காக்கை ஏதோ கண்ணாடியைக் கொத்துகிறது என்று நினைத்தேன். ஆனால் சத்தம் விட்டு விட்டு, மெதுவாகிக்கொண்டே வந்தது. தடுப்புச் சுவரைத் தாண்டித் தலையை நீட்டிப் பார்த்தால், ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்து மோதிரத்தால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். முகம் சிவந்து, உதடு மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அரிசோனாக்காரர்கள். அவர் பெயர் ஆர்லோ. மகனும் மருமகளும் பிள்ளைகளும் காலையிலேயே படகில் தீவுக்குப் போய்விட்டார்கள். இவர் கடல் பார்க்க வெளியே வந்து, ஏ.சி. காற்று வீணாகக் கூடாதே என்று கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறார். தாழ்ப்பாள் உள்ளே தானாக விழுந்துவிட்டது. ஃபோன் உள்ளே, தண்ணீர் உள்ளே, மனுஷன் வெளியே. ஒன்றரை மணி நேரம்!

தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். அவர் கை அதுவரை எழவில்லை. அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன். நிர்வாகி பெல்த்ரான் எடுத்தார். "வாடகைக்கு இருக்கறவங்க அனுமதி இல்லாம கதவத் திறக்க முடியாது, தெல்ஃபினா. அவங்களக் கூப்பிட்டுப் பாக்கறேன், பொறு" என்றார். கடலுக்கு நடுவே இருப்பவர்களுக்கு ஏது சிக்னல்? "ஐயா, இந்த ஆளு செத்துருவாரு" என்று கத்தினேன். "பொறுன்னு சொன்னேன்ல" என்று வைத்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். தட்டுவதும் நின்றுவிட்டிருந்தது.

எவரிஸ்தோ, பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்பவள் நான். என்னைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருப்பாய்! அந்த நான், விரிப்பைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன், பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டேன், நாற்காலி போட்டுக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறினேன். கழுதை மேல் உட்காருவதுபோல ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வெளியே தொங்கும் காலுக்குக் கீழே ஒன்பது மாடி ஆழத்தில் நீச்சல் குளம், கட்டை விரல் நகம் அளவுக்கு. தடுப்புச் சுவரின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர வேண்டும். சூடு தொடையைப் பொசுக்கியது. கன்னத்தைச் சுவரில் ஒட்டி வைத்தேன். அப்போது மாதாவைக் கூப்பிட்டேன் என்று பங்குத்தந்தையிடம் சொல்லியிருக்கிறேன். பொய். உன்னைத்தான் நினைத்தேன். இந்த மாடியின் சுவர்களெல்லாம் நீ எழுப்பியவை. அந்தச் சமயத்தில் தினமும் நீ சிமென்ட் புழுதியோடு வந்து, கலவையில் மணல் அதிகமானால் நான் திருப்பிக் கொட்டச் சொல்வதால் மேஸ்திரி திட்டுகிறார் எனப் புலம்புவாய். அந்தப் புலம்பல்தான் காதில் கேட்டது. இவன் கட்டியது அசையாது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். அசையவில்லை, எவரிஸ்தோ. ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

அந்தப் பக்கம் குதித்தபின் எல்லாம் வேகமாக நடந்தது. ஈர விரிப்பை அவர்மேல் போர்த்தினேன், தலையில் தண்ணீர் ஊற்றினேன். குடை நட்டு வைக்கும் இரும்புப் பலகையைத் தூக்கி, கண்ணாடிக் கதவில் மூன்று தடவை இடித்தேன். மூன்றாவது இடிக்குக் கதவு முழுதும் ஆலங்கட்டிபோலக் கொட்டியது. தையல் அப்போது வாங்கியதுதான். அவரை இழுத்துக்கொண்டு உள்ளே போய், ஐஸ்பெட்டியில் இருந்த உறைந்த இறால் பொட்டலங்களை அவர் அக்குளில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இறாலை அப்படி யாரும் உபயோகித்துப் பார்த்ததில்லை என்றார். இன்னும் அரை மணி போயிருந்தால் தான் வந்தும் பயன் இருந்திருக்காது என்றும் சொன்னார்.

பெல்த்ரான் வந்தார். முதலில் கிழவரைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். "யாரக் கேட்டு உடச்ச?" என்றார். அன்று மாலையே சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நான்கு நாள் யாருக்கும் சொல்லவில்லை. மயோலா மட்டும் பீன்ஸும் ரொட்டியும் கொண்டுவந்து, பெல்த்ரானைச் சபித்துவிட்டுப் போவாள்.

ஐந்தாம் நாள் வாசலில் ஒரு பெரிய கார். 904-இன் சொந்தக்காரி லொரேன் அம்மா, ஆர்லோவின் மகன் சொல்லிக் கேள்விப்பட்டு, அரிசோனாவின் டூசானிலிருந்து நேராக வந்து இறங்குகிறார்! பின்னாலேயே ஆர்லோ, மகன் தோளைப் பிடித்தபடி. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததுமே, "பறந்து வந்த பொம்பள எங்க?" என்று கேட்டாராம். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.  

லொரேன் அம்மா வீட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவி அல்லவா? பெல்த்ரானை எதிரே நிற்க வைத்து, "இனிமே எங்க பதினோரு வீட்டோட சாவியும் தெல்ஃபினாகிட்டதான் இருக்கும். நீங்க அவங்களக் கேட்டுட்டுத் திறங்க" என்றார். பதினோரு வீட்டுக்கும் நான் பொறுப்பு, எவரிஸ்தோ! எனக்குக் கீழே நான்கு பேர். மயோலா இப்போதே "மேடம்" என்று கூப்பிட்டு உயிரை வாங்குகிறாள். அதோடு வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் இந்த வீட்டில் விருந்தாளியாக இரு, யாரை வேண்டுமானாலும் அழைத்துக்கொள் என்றார். அவர் அந்தச் சுவரையும் போய்த் தட்டிப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். என் புருஷன் என்றேன். மழைக்குப் பிறகு மேல்மாடிச் சுவர்களையெல்லாம் பூச வேண்டும், அவர் எங்கே என்றார். வெளியூர் வேலை, சீக்கிரம் வருவார் என்று சொல்லிவிட்டேன். கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. முந்தாநாள் இங்கே இறைச்சி சுட்டோம். நீ கட்டிய சாரத்திலிருந்து விழுந்த ரெமிஹியோவைக் கூப்பிட்டேன். ஆமாம், அவனைத்தான். கோல் ஊன்றி வந்தான், லிஃப்டிலிருந்து பால்கனிவரை தானே நடந்தான். ஐந்து டாக்கோ தின்றான். நீ ஏன் வரவில்லை என்று கேட்டான். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தேன். அவனே சொன்னான்: "அண்ணன் கட்டுன கயிறு அவுறவே இல்ல அண்ணி. கீழ விழுந்து கெடந்தப்போ நான் மேல பாத்தேன், முடிச்சு அப்படியே இருந்துச்சு. முறிஞ்சது பலகை. உளுத்த பலகையக் குடுத்தது காண்ட்ராக்டர். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் அண்ணன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள போயிட்டாரு." உன் முடிச்சால்தான் அவன் விழுந்தான் என்று நீ ஊரை விட்டுப் போன இந்தப் பதினான்கு மாதமாக அவன் அதைச் சொல்லக் காத்திருக்கிறான். நான் சொன்னால் நீ சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பாய். அவன் வாயால் கேள்.

இப்போது சூரியன் இறங்குகிறது. இந்த உயரத்திலிருந்து பார்த்தால், தூசி இல்லாத மாலையில், கடலுக்கு அந்தப் பக்கம் உன் ஊர் மலைகள் நீலமாகத் தெரிகின்றன. தரையைப் பார்த்துத் துடைத்தவரை எனக்கு அது தெரியாது. நீ ஏதோ உலகத்தின் மறுகோடிக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் மூன்று போய்விட்டது. நீ மெஹிக்காலிவரை வந்துவிட்டால், அங்கிருந்து இங்கே தினமும் பஸ் இருக்கிறது. இங்கே படுக்கை நான்கு பேர் படுக்கும் அகலம். நான் ஓரமாக ஒரு பக்கத்தில்தான் படுக்கிறேன். மறுபக்கத்து விரிப்பு நான் இழுத்துச் செருகிய மடிப்பு மாறாமல் அப்படியே இருக்கிறது. வந்து கலைத்துப் போடு.

நீ ஏறும் ஒவ்வொரு சாரத்திலும் குவாதலூப்பே மாதா உன் கூடவே நிற்கட்டும்.

உன்,
தெல்ஃபினா