ஸ்டேப்ளர் அடித்த பாடம்

மைசூர் மைன்ஸ், கோலார் மாவட்டம்
18.11.2024, திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் எழும் முன்பே நீங்கள் பெங்களூர் வண்டி ஏறிவிடுகிறீர்கள். திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். அப்பா பக்கத்தில் இருக்க, இதைப் போனில் பேச முடியாது. அதனால் வழக்கம்போல் உங்கள் டிபன் பையில் வைக்கிறேன். சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

கூடவே பள்ளியில் தந்த ஒரு படிவம் இருக்கிறது. 'திருமணம் வரை தூய்மையாக இருப்பேன்' என்று பத்தாம் வகுப்புப் பெண்களும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பையன்களுக்கு அந்த நேரத்தில் வாலிபால். அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடத்தை ஜெயசீலி மிஸ் ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள்.

உங்கள் மகள்
நளினி

19.11.2024

அன்பு நளினிக்கு அம்மா எழுதுவது.

ஃபேக்டரி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். நன்றாகப் படிக்கிற பெண், உனக்கு எதற்கு இந்த வம்பு? ஒழுங்காக இரு என்றுதானே சொல்கிறார்கள்? "ஷோபா பொண்ணு மட்டும் மாட்டேன்னுச்சாமே, இன்னா விஷயம்?" என்று நம் லைன் வீடுகள் முழுக்கப் பேசுவார்கள். நான் போட்டுவிட்டேன். நீயும் போடு. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா

20.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கிழித்துவிட்டேன்.

ஒழுங்காக இருப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. இன்று மிஸ் எல்லோர் முன்னும் கேட்டார்: "இன்னாடி, உனக்கு மட்டும் இன்னா கஷ்டம்? பழைய சுரங்க ஷாஃப்ட் பக்கம் போகாதேன்னு போர்டு வச்சா போதாதா?"

"எவ்ளோ ஆழம்னு சொன்னாத்தானே மிஸ் பயமாவது வரும்?" என்றேன். கடைசி பெஞ்ச் சிரித்தது.

சுமாவை நினைத்துப் பாருங்கள். போன வருடம் இதே உறுதிமொழியை மேடையில் சத்தமாகப் படித்தவள் அவள்தான். மாதவிலக்கு நின்றால் என்ன அர்த்தம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வயிற்றுவலி என்று கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது ஐந்து மாதம். அவள் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டார்கள். அதற்குக் காரணமான பையன் இன்னும் வாலிபால் ஆடுகிறான்.

படிவம் தராவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்களாம். வெள்ளிக்கிழமை பெற்றோருடன் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் தனியாகப் போவேன்.

புத்தகத்தைப் பையில் வைத்திருக்கிறேன். பிரித்துப் படித்துவிட்டு, இதில் எந்த வரி கெட்டது என்று காட்டுங்கள்.

நளினி

21.11.2024

நளினிக்கு,

கிழித்ததற்குக் கோபம் இருக்கிறது. அது தனி.

காலை வண்டியில் ஹேர்பின்னால் ஸ்டேப்ளர் பின்னைப் பெயர்த்தேன். பக்கத்து சீட் ராஜம் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா ஷோபா, உனக்குப் பரீட்சையா?" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளே, "சத்தமா படிடி, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள். மாலூர் வருவதற்குள் லேடீஸ் பெட்டியில் பாதிப் பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். "மூணு பெத்தேன், எனக்கே இது தெரியாதே!" என்றாள் ராஜம் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

கெட்ட வரியைத் தேடினேன். கிடைக்கவில்லை.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினான். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். ராஜம் அக்காவும் வருகிறாள். அவள் கடைக்குட்டி உங்கள் பள்ளியில்தான் எட்டாவது. மிஸ்ஸிடம் மரியாதையாகப் பேசு. ஆனால் தலையைக் குனியாதே.

எழுந்ததும் என்னை எழுப்பு. விடிந்த பிறகு கண் விழித்து வெகு காலமாகிறது.

அம்மா