அரக்கு முத்திரை வைத்த செல்போன்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மா பூத்துவிட்டது. ராஜபாளையத்து மாம்பூ அத்தனையும் என் முகத்தைப் பார்த்துத்தான் பூத்தன என்று எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா வெள்ளைத்தாயின் அழைப்பு. இப்போது எனக்கிருக்கும் கோபத்தில் ஒரு மூச்சு விட்டால் மேற்கு மலை நாலடி நகர்ந்துவிடும்.

மச்சான் கண்ணுச்சாமி மகளின் செல்போனைக் கைப்பற்றிவிட்டார்!

சும்மா பிடுங்கி வைத்தாலாவது மனிதர் எனலாம். ஓய்வுபெற்ற ஏட்டு அல்லவா? காக்கிக் கவரில் போட்டு, நூல் சுற்றி, சிவப்பு அரக்கை உருக்கி முத்திரை குத்தி, கொலைக் கேஸ் அரிவாளைப் போல பீரோவில் பூட்டியிருக்கிறார். குற்றம் என்ன? சாயங்காலம் பொன்மணியின் போனில் ஒரு ஆண் குரல் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டதாம்.

அது அவளுடைய கல்லூரித் தாவரவியல் வாத்தியார் முஹம்மது அனஸ்! பாடத்தைப் பேசிப் பதிந்து வகுப்பு வாட்ஸப் குழுவுக்கு அனுப்புகிறவர். பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போதுகூடக் கேட்டுக்கொள்ளலாம். எடுத்துச் சொன்னால் ஏட்டு நம்புவாரா?

பிப்ரவரி 4

போனேன். கால் கிலோ பால்கோவாவோடு போனேன். அதையும் கைப்பற்றித் தின்றார்.

"வாத்தியாருன்னா காலேஜ்ல பேசணும். வீட்டுக்குள்ள வந்து எதுக்குல பேசுதான்?"

"வீட்டுக்குள்ள எங்க வந்தாரு மச்சான்? போனுக்குள்ளல்லா வந்தாரு."

"போன் எங்க இருக்கு? வீட்டுக்குள்ள."

 "கவரப் பிரிச்சு நீங்களே கேட்டுப் பாருங்க" என்றேன்.

"முத்திரைய உடைக்க ஆர்டர் வேணும்."

"யாரு குடுக்கணும்?"

"நாந்தான்."

"குடுங்க."

"முடியாது."

அந்த நேரத்தில் பீரோவுக்குள் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். "இன்னைக்குப் பாடம் வந்துருச்சு மாமா" என்றாள் பொன்மணி. பீரோவை விட்டு அவள் கண் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஒட்டுண்ணிச் செடியை நேரில் பார்த்து, இரண்டு நிமிடம் தன் குரலில் விளக்கி, வீடியோப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் அந்தப் பாடத்தில் இன்டர்னல் மார்க் கிடையாது. ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறார் தகப்பனார். போனையும் பூட்டுவாராம், பேப்பரும் போகக் கூடாதாம்! இது எந்த ஊரு நியாயம்யா?

பிப்ரவரி 5

கோபத்தில் சோறு இறங்கவில்லை. மூன்று தட்டோடு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

அய்யனார் கோவிலுக்கு நேர்த்தி என்று சொல்லி அக்கா மகளை என்னிடம் அனுப்பினாள். நேராகத் தோப்புக்குப் போனோம். கிழட்டு மாமரத்தில் புல்லுருவி. கையில் என் போன், கண்ணாடி கீறிய சிங்கம்.

"இதுக்குப் பச்சை இலை இருக்கு. அதனால சாப்பாட்டை இதுவே தயாரிச்சுக்கும். தண்ணியையும் உப்பையும் மட்டும் மரத்துக்கிட்ட உறிஞ்சும்" என்று அழகாகத் தொடங்கினாள்.

"எங்க மச்சான் பால்கோவாவ உறிஞ்சுன மாதிரி!" என்றேன். முதல் படம் போச்சு. இரண்டாவதும் என்னால்தான் போச்சு.

"மாமா, ஒங்க கோவத்த ரெண்டு நிமிசம் பையில போட்டு வைங்க. என் படிப்பு போயிரும்."

வாயைப் பொத்திக்கொண்டேன். பேசி முடித்தாள். கடைசி நொடியில் மாம்பூ வாசனை என் மூக்கில் ஏற, இடி போல ஒரு தும்மல். அதையும் சேர்த்தே அனுப்பினோம். தோப்பில் சிக்னல் இல்லை. ரோட்டுக்கு வந்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஏறி நின்று வாத்தியாருக்கு அனுப்பினேன். ராக்கெட் விட்டவன்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான்.

பிப்ரவரி 9

வகுப்புக் குழுவில் என் எண்ணையும் பொன்மணி சேர்க்கச் செய்திருக்கிறாள். பாடமெல்லாம் இப்போது என் போனுக்கு வருகிறது. எடுத்துக்கொண்டு போய் மச்சான் வீட்டுக் கூடத்தில் சத்தமாக வைத்தேன்.

"...விமல், புரிஞ்சுதா? ரிஸ்வானா, புரிஞ்சுதாம்மா? பொன்மணி, புரிஞ்சுதாம்மா?"

வகுப்பே வரிசையாக வருகிறது! மச்சான் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனால் வாய்?

"இத எவன் வேணாலும் பேசி அனுப்பலாம்."

"ஏன்யா, பெத்த பிள்ளைய அக்யூஸ்டாவே பாப்பீரா? ஒரு நா... ஒரே ஒரு நா அவ பாடத்த முழுசா கேட்டீரா?"

காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். மச்சான் என்ற மரியாதை எப்போது போனது என்றே தெரியவில்லை. ஏழு ஜென்மத்துக்கு அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

பிப்ரவரி 12

குழுவில் வாத்தியாரின் குரல்: "பொன்மணி, பத்துக்கு ஒம்பது. பின்னால தும்முனவருக்கு ஒண்ணு."

எனக்கு ஒன்றுதானா? அந்தத் தும்மலுக்கா?

பிப்ரவரி 15

ஏழு ஜென்மமும் ஆறு நாளில் முடிந்துவிட்டது. மார்க்கைச் சொல்லி மச்சானை மண் கவ்வ வைக்க வேண்டும் என்று, பஸ்ஸிலேயே வசனம் தயாரித்துக்கொண்டு போனேன்.

வாசலில் நிற்கும்போதே உள்ளே அனஸ் வாத்தியாரின் குரல் கேட்டது. பொன்மணி கேட்கிறாள் போல என்று பார்த்தால், அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் மச்சான் மட்டும். கையில் மகளின் போன். முதுகு விறைப்பாக, முன்னால் அதிகாரி நிற்பது போல.

"...புரிஞ்சுதாம்மா?" என்றது போன்.

"புரிஞ்சுது சார்" என்றார்.

அக்கா முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். முறத்தில் சிவப்பு அரக்குத் துண்டுகள். தயாரித்த வசனத்தை அவிழ்க்க நான் வாயைத் திறந்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"ஏலே, சத்தம் போடாத. பாடம் நடக்கு."