சீட்டு ஒட்டாத எடை மெஷின்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அங்கே நீ நலமா என்று ஆரம்பிக்கத்தான் காகிதத்தை எடுத்தேன். முதல் பாதியை எழுதக் கை வரவில்லை, அதனால் இரண்டாவது பாதியை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், மற்ற நாளில் அது பட்டறைக்குப் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை அதை உன் அப்பா காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு எனக்குக் கடைசி இரண்டு நிமிடம்தான் தருகிறார், அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு. அவர் பட்டறைக்குப் போன நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டிப் போட்டு மூன்று வாரம் ஆகிறது, வீடெல்லாம் புழுதி, மாடி வீட்டு டீச்சர் பள்ளத்தில் கால் வைத்துச் சுளுக்கிக்கொண்டார். அதெல்லாம் இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி.

உன் அப்பா தொழிலில் எப்படிப்பட்ட மனிதர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வருஷமாகத் தராசு பழுதுபார்க்கிறார். பழைய இரும்புக் கடைக்காரர் முள்ளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கேட்டதற்கு, குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர். எந்த மெஷினைச் சரிபார்த்தாலும் ஒரு சின்னச் சீட்டில் "சரிபார்த்தது" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அடியில் ஒட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நானும் அவரும் மட்டும் ஏறி நிற்கிற நம் வீட்டு மெஷினுக்கும் வருஷா வருஷம் சீட்டு உண்டு, நாம்தான் சிரிப்போம்.

நீ வேலைக்கு வெளியூர் போன நாளிலிருந்து வாரா வாரம் எடை எவ்வளவுப்பா என்று கேட்கிறாய், அவரும் எழுபது, அப்படியே இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் போன வருஷக் கடைசியிலேயே அவருடைய பெல்ட்டில் புது ஓட்டை ஒன்று பார்த்தேன், பிறகு இன்னொன்று. கேட்டால் தோல் நீண்டுபோச்சு என்றார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி. இளைச்சிட்டீங்களே என்று சொன்னபோதெல்லாம் நேராகப் போய் மெஷின் மேல் ஏறி நின்று, நீயே பாரு என்பார். முள் எழுபதில் நிற்கும். ஊருக்கெல்லாம் எடை சரிபார்க்கிற மனிதரின் வீட்டு மெஷின் தப்பாகவா காட்டும்? என் கண்ணை நம்பாமல் அந்த முள்ளை நம்பினேன். உன்னோடு வீடியோவில் பேசும்போது குளிருகிறது என்று சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாரே, அது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. தூக்கமும் இல்லை. மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். டீ அதிகமாப் போச்சு என்று அவரே ஒரு காரணம் சொன்னார், நானும் அதை நம்பி சாயங்கால டீயை நிறுத்தினேன். மனுஷனுக்கு இருந்த ஒரு சுகத்தையும் பிடுங்கியதுதான் மிச்சம்.

இதில் என் கூத்தையும் கேள். ஐம்பத்தெட்டு இருந்த நான் அறுபத்தைந்து ஆனேன், அப்புறம் எழுபத்தொன்று. மானம் போகிறதே என்று ராத்திரி சாப்பாட்டை விட்டேன், காலையில் மைதானத்தை நாலு சுற்று நடந்தேன். சாப்பிடு, சாப்பிடு என்று உன் அப்பா தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார், நான் எரிந்து விழுவேன். இவ்வளவுக்கும் ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று தொங்கியது. குண்டாகிக்கொண்டே இளைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஜாக்கெட்தான் என் மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. போன வாரம் புழுதி துடைக்க மெஷினைக் கவிழ்த்தேன். அடியில் சீட்டு இல்லை. கிழித்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிற இருபது கிலோ எடைக்கல்லை மூச்சு வாங்கத் தூக்கி மேலே வைத்தேன். முள் இருபத்து நாலரையில் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் பாப்பா. அவர் வரும்வரை கல்லை எடுக்கவில்லை. வந்தவர் கல்லைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். தன் எடை குறையக் குறைய உள்ளே ஸ்பிரிங்கைத் திருகிக்கொண்டே வந்திருக்கிறார், மேலே எவ்வளவு எடை ஏறுகிறதோ அதற்குத் தகுந்தபடி பொய்யும் கூடும். பொய்க்குக் கையெழுத்துப் போட மனசு வரல, அதான் சீட்டைக் கிழிச்சேன் என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். எங்க அண்ணனும் இப்படித்தான் இளைச்சாரு, நோய்க்குப் பேர் தெரிஞ்ச மூணாம் மாசம் போயிட்டாரு, பேர் தெரியாமயே கொஞ்ச நாள் இருக்கலாம்னு பார்த்தேன் என்றார். உன் பெரியப்பாவை வைத்து அவர் இத்தனை நாள் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு விழித்திருந்திருக்கிறார், நான் பக்கத்தில் குறட்டை விட்டிருக்கிறேன். பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம், வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாசம் இருக்கு, பாதியில போட்டுட்டு வந்து நிப்பா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சரி என்றேன். அந்தச் சொல்லைத்தான் இப்போது மீறுகிறேன்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நல்ல அம்மா, பொறுமையாகக் கேட்டார். பசி எப்படி, வியர்க்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, பல் செட் சரியாகப் பொருந்துகிறதா, எந்த மாத்திரையாவது புதிதாக ஆரம்பித்தீர்களா என்று ஒவ்வொன்றாக. கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார், அது நடுங்கியது. சின்ன ஸ்க்ரூவெல்லாம் கையை விட்டு நழுவுதுன்னு அவர் அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னார், எனக்கு அதுவும் புதிது. இப்படிக் காரணம் தெரியாமல் இளைத்துத் தூக்கமும் போவதற்குப் பல வழி உண்டாம். கழுத்தில் இருக்கிற தைராய்டு அளவுக்கு மேல் வேலை செய்யலாம், சர்க்கரையாக இருக்கலாம், நுரையீரலில் கிருமி இருக்கலாம், சாப்பிடுவதைக் குடல் வாங்காமல் இருக்கலாம், மனக்கவலையே ஆளை இப்படி உருக்குமாம், நீங்கள் பயப்படுகிற நோயாகவும் இருக்கலாம், பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன், பெரிய தப்பு வீட்டில் உட்கார்ந்து நாமே ஒன்றை முடிவு செய்வதுதான் என்றார். சர்க்கரை இல்லை என்று வந்துவிட்டது. தைராய்டு ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை. நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, பழைய சளித் தழும்பாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார்கள். வருகிற வியாழக்கிழமை ஸ்கேன். இருக்கலாம், இருக்கலாம் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காமல் போய்விட்டது.

பூசி மெழுகாமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் மூன்று மணிக்கு எழுந்தால் இப்போது நானும் எழுந்துவிடுகிறேன், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வெந்நீர் குடிக்கிறோம். அவர் நீ வரக்கூடாது என்கிறார். நான் சொல்கிறேன், வேலைக்குப் பங்கம் இல்லாமல் பத்து நாள் கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு உட்காராதே, ஞாயிற்றுக்கிழமை போனில் எடையைக் கேட்காமல் ராத்திரி தூங்கினீங்களாப்பா என்று கேள், அதற்கு அவரால் பொய் சொல்ல முடியாது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே, வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள், இதை மட்டும் மறக்காதே. நீ நூறு வயசு நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன், உன் அப்பா மாத்திரை தேடும்போது கையில் அகப்பட்டுவிட்டது. சண்டை வரும் என்று காத்திருந்தேன். முழுவதும் படித்துவிட்டு மெஷினை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது, நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். எடைக்கல்லை வைத்துப் பார்த்தார், இருபது காட்டியது. பிறகு மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அவரே ஏறி நின்றார். நீ வர வேண்டாம் என்று எழுதச் சொல்லவில்லை. பேனாவை மட்டும் கேட்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

57 கிலோ 300 கிராம்.
சரிபார்த்தது.
அப்பா