அப்பா நிறுத்திய கப்பல்

என் உயிரான அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் இப்போது பிரிக்பீல்ட்ஸில், மாமாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வீட்டை கப்பல்களுக்குத் துறைமுக வழிகாட்டும் வேறொரு பைலட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். "வெள்ளக்காரர கட்டிக்கிட்டேன்னு மூஞ்ச திருப்பிக்கிட்ட அண்ணன், இப்ப பக்கத்துல உக்காந்து சாப்புடு சாப்புடுங்கறான்" என்கிறாள் அம்மா. அவள்தான் சாப்பிடுவதில்லை.

கடற்படையில் இளம் அதிகாரிகளுக்கு டார்பிடோ பாடம் நடத்தியவர் நீங்கள். பெரிய போரில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன். இதெல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. உங்கள் டார்பிடோ பட்டு எதிரிக் கப்பல் பிளந்ததையும், மேலே வந்து பார்த்தபோது தண்ணீரெங்கும் மனிதத் தலைகள் தெரிந்ததையும் சொன்னீர்கள். அங்கே நிற்கக் கூடாது என்பது உத்தரவு. மூடியை அடைத்துக்கொண்டு மறுபடி மூழ்கினீர்கள்.

"வெளியே தட்டுற சத்தம் கேட்டுச்சு," என்றீர்கள். அது கைகளா, உடைந்த பலகைகளா? உங்களுக்கே தெரியவில்லை.

அதனால்தான் நம் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. பால்காரர்கூட வாசலில் நின்று குரல்தான் கொடுப்பார்.

துறைமுகத்துக்கு ஒரு நீர்மூழ்கி வந்ததே, நினைவிருக்கிறதா? அதன் இளம் கேப்டன் நம் வீட்டில் தேநீர் குடித்தபடி, "உங்களுடைய அந்தத் தாக்குதலைத்தான் சார் எங்களுக்கு இன்னமும் பாடமாக நடத்துகிறார்கள்," என்றார் பெருமையாக.

"தண்ணீரில் கிடந்தவர்களைப் பற்றியும் நடத்துகிறார்களா?" என்று கேட்டீர்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

நேற்று பண்டமாரானிலிருந்து மாரியாயி வந்திருந்தாள். எதிர்த்தீவுத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போன சம்பான் படகு கவிழ்ந்ததே, அதில் பிழைத்தவள். நீங்கள் வழிகாட்டி வந்த கப்பலுக்கு எதிரிலேயே அது கவிழ்ந்தது. கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றுகிற நேரம், நிறுத்தினால் கப்பல் சேற்றில் உட்காரும் என்று அதன் கேப்டன் கத்தினாராம். உட்காரட்டும் என்று நிறுத்தவைத்துவிட்டு, படகை இறக்கி நீங்களே வந்தீர்களாம்.

"தண்ணியில கெடக்கற கூலிங்கள, விருந்தாளிய கூப்புடற மாதிரி 'வாங்க, வாங்க'ன்னு கூப்புட்டாரும்மா," என்று அழுதாள். அம்மா உங்களுக்கு மரியாதைத் தமிழ் மட்டும்தானே சொல்லிக்கொடுத்தாள்! பூனையைக்கூட நீங்கள் "வாங்க" என்றுதான் அழைப்பீர்கள்.

கடைசியாக ஒருவர் நீரோட்டத்தில் போவதைப் பார்த்து நீங்களே குதித்தீர்களாம். மறுநாள் உங்கள் உடலை அலையாத்தி மரங்களுக்கிடையில் கண்டெடுத்தார்கள். அவரை இன்னும் காணவில்லை. அவர் கை உங்களுக்கு எட்டியதா அப்பா? இங்கே, அந்தக் கடலுக்கு ஓடுகிற ஆற்றுப்பக்கம் போனால் அதைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

கப்பலைச் சேற்றில் ஏற்றியதற்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். போரில் மூளை கலங்கியவர், அதனால்தான் நிறுத்தினார் என்று அந்தக் கப்பலின் கேப்டன் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கிள்ளானில் மாரியாயி சாட்சி சொல்கிறாள். "தொரைங்க முன்னாடி எனக்கு வாய் வருமா?" என்று பயந்தாள். வரும் அப்பா. அவள் தமிழில் சொல்வதையெல்லாம் பக்கத்தில் நின்று, ஒரு சொல் விடாமல், ஆங்கிலத்தில் நான் சொல்வேன். தெளிந்த புத்தியோடுதான் நீங்கள் அந்தக் கப்பலை நிறுத்தினீர்கள் என்று அவர்கள் எழுதும்வரை அங்கிருந்து நகரமாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
எலிசபெத் காமாட்சி