கழுவக் கூடாத வண்டி

ஜனவரி 10, ஞாயிறு
மறுபடியும் எரிகிறது, எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு. மாம்போங் ஏற்றத்தில் வண்டி இருமி இருமி நின்றேவிட்டது. என் செர்வா வீட்டுக்குப் போய்ச் சேர ரொம்பத் தாமதம். அவள் மாமா அஜிமான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்ள, இப்பத்தான் விடிஞ்சுதா? சனிக்கிழம பொண்ணு கேட்டுக் கதவு தட்ட வர்றப்பவும் இப்படின்னா, முறைக்குக் கொண்டார்ற மதுப்புட்டி அப்படியே திரும்பிரும்."

ஆனாலும் மாப்பிள்ளை என்றாரே! வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 12
அஜெய் பட்டறை. கருவியைச் செருகிப் பார்த்தான். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லையாம். போன வாரம் பிளக் மாற்றினான், இன்று அதற்கு மின்சாரம் தரும் காயிலை. விளக்கு அணைந்தது! பட்டறைக்கே வறுத்த வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 14
செர்வாவைக் கூட்டி வரப் போனேன். பாதி வழியில் எரியுது. ஏன்டி வண்டி, உனக்கு நான் என்னடி குறை வெச்சேன்?
செர்வா சிரிக்கிறாள்: "உங்க வண்டிக்கு என் மேல பொறாமை."
இருக்குமோ? அவளைப் பார்க்கப் போகும் நாளில்தானே எரிகிறது!

ஜனவரி 15
"நேத்துக் காலையில என்ன பண்ணினே? ஒண்ணு விடாம சொல்லுண்ணே" என்றான் அஜெய்.
ஆட்டிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு ஆடு, ஒரு காது மட்டும் கறுப்பு. போன வருசம் பாஸ்டர் தொப்பியைத் தின்றதும் அதுதான் —
"ஆட்ட விடுண்ணே!"
எப்படி விடுவது? அது சோப்பு நுரையை நக்க வந்ததால்தானே குழாயை அதன் பக்கம் திருப்பினேன் —
"என்ன குழாய்?"
"எஞ்சின் கழுவுற குழாய்."
"எஞ்சினையா?"
"செர்வாவப் பார்க்கப் போற அன்னிக்கெல்லாம் கழுவுவேன். அவ ஏறுற வண்டிடா. உள்ளயும் சுத்தமா இருக்க வேணாமா?"

அஜெய் தலையில் அடித்துக்கொண்டான். மூன்றாவது காயிலைப் பிடுங்கினான். குழி நிறையத் தண்ணீர். மேலே மூடும் ரப்பர் வெடித்திருந்தது. ரெண்டு நாளில் காய்ந்துவிடுவதால் இதுவரை பிடிபடவில்லையாம். துடைத்துக் காயவைத்தான்.
"புது ரப்பர் திங்கக்கிழமதான் வரும். அதுவரைக்கும் ஒரு சொட்டு படக் கூடாது. வெளியிலயும் கழுவாதே. உன் கைய நம்ப முடியாது."

ஜனவரி 16, காலை
ஹார்மட்டான் காற்று புழுதியை அள்ளிக் கொட்டியிருக்கிறது. இதுவா பெண் கேட்கப் போகும் வண்டி? குழாய் கைக்கெட்டும் தூரத்தில். தொடவில்லை. தொடவே இல்லை.

ஜனவரி 17
நேற்று அவர்கள் நாற்காலி போடும் முன்பே போய் நின்றோம்! விளக்கு கண்ணே திறக்கவில்லை. மாமா வண்டியைச் சுற்றி வந்தார். "என்ன மாப்ள, பொதைச்சு வெச்சுத் தோண்டி எடுத்தீங்களா?"
அப்புறம், முறைப்படி மூன்று தடவை செர்வாவைக் கேட்டார்: "இந்தப் புட்டிய வாங்கிக்கலாமாம்மா?"
"வாங்கிக்கங்க." "வாங்கிக்கங்க." மூன்றாவது தடவை, "விளக்கு எரியறதுக்குள்ள வாங்குங்க மாமா!"
கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. புட்டி உள்ளே போய்விட்டது!

ஜனவரி 18
ரப்பர் போட்டாயிற்று. இனி தாராளமாகக் கழுவலாம் என்கிறான் அஜெய்.
பின் கண்ணாடிப் புழுதியில் செர்வா விரலால் எழுதிய எங்கள் ரெண்டு பெயரும் இருக்கின்றன. கழுவவில்லை.