மூன்று பேருக்கும் ஒரே பேட்ச்

புதன்கிழமை, இரவு

இன்று தளவாய்புரத்து மில் தொழிலாளி ஒருத்திக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. டாக்டர் எப்படியோ காப்பாற்றிவிட்டார். இந்த வாரத்தில் இவள் மூன்றாவது ஆள். மூன்று பேருக்கும் போட்டது ஒரே பேட்சில், ஒன்றாகத் தயாரான மருந்து.

ஆறு வருஷம் ஃபார்ம் டி என்ற மருந்தியல் படிப்பைப் படித்துவிட்டு, இந்த ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். ஆனாலும் பக்கவிளைவு படிவத்தை நிரப்பி மேனேஜரிடம் நீட்டினேன். அவர் படிக்கவே இல்லை.

"ஏம்மா, வெளிய தெரிஞ்சா ஒருத்தன் இங்க வருவானா? ஒன்னய மாதிரி படிச்சிட்டு எம்புட்டுப் பேரு வேலையில்லாம அலையுதாக, தெரியுமா?" என்றார்.

வெளியே வந்து படிவத்தை நானே அரசின் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும். பிறகுதான் ஸ்டோரில் சொன்னார்கள், அந்த மருந்தில் மீதிப் பெட்டியை மத்தியானமே எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம். உடனே அங்குள்ள நர்ஸ் செல்விக்குப் போன் போட்டேன்.

"யக்கா, செத்த நேரம் முன்னாடிதான் ஒரு பெரியவருக்குப் போட்டேன். நல்லாத்தான் எந்திரிச்சுப் போனாரு. வீடு செண்பகத்தோப்புப் பக்கம்னாரு. போன் நம்பர் இல்ல."

பெட்டியைப் பூட்டி வைக்கச் சொன்னேன். செல்வியின் வீட்டுக்காரர் பைக்கில் அவரைத் தேடிப் போனார். போய் மூன்று மணி நேரமாகிறது. இன்னும் போன் வரவில்லை.